பத்திராதிபர் என்றொரு தொழில்: மாரிகுப்பத்திலிருந்து சில எண்ணங்கள்

அயோத்திதாசப் பண்டிதர் குறித்த ஆய்வேடுகளில் அவர் தத்துவவாதி, பௌத்த மறுமலர்ச்சியாளர், சித்த மருத்துவர், மாற்று வரலாறு எழுதியவர். இவை யாவும் உண்மையே. ஆயினும் தாள் வாங்கி, அச்சுக்கூலி கொடுத்து, வராத பாக்கிக்கு நினைவூட்டி, வாரந்தோறும் ஓர் இதழைத் தபாலில் சேர்த்த மனிதராக அவரை அணுகிய ஆய்வு அரிது. முதலாளி என்றவுடன் நம் துறையினர் முகஞ்சுளிப்பது ஒரு காரணமாயிருக்கலாம். ஒடுக்கப்பட்டோர் வரலாற்றில் சிந்தனையைத் தேடுகிறோம், கணக்கேட்டைத் தேடுவதில்லை.

1907ஆம் ஆண்டு ஜூன் 19 அன்று சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவந்தது. தலைப்பிலேயே விலை! ஒரு ரூபாய்க்கு 64 பைசா என்றிருந்த காலம் அது. ஓராண்டின் 52 இதழ்களையும் வாங்க, தபால் செலவு நீங்கலாக, 13 அணாவே தேவைப்பட்டிருக்கும். யார் வாங்கவேண்டும் என்று தீர்மானித்த பின்னரே இத்தகைய விலையை ஒருவர் வைக்கமுடியும். மறு ஆண்டு பெயரிலிருந்து ‘ஒரு பைசா’ நீங்கி ‘தமிழன்’ நின்றது. 1914இல் பண்டிதர் மறைந்தபின் அவர் மகன் பட்டாபிராமன் சிறிது காலம் நடத்தினார். பின்னர் இதழ் நின்றது.

அதற்கு மறுவாழ்வு கிடைத்த இடம் சென்னையன்று, கோலார் தங்கவயல். 1926இல் ஜி. அப்பாதுரையார் இங்கிருந்து ‘தமிழ’னை மீண்டும் தொடங்கி 1930களின் நடுப்பகுதிவரை நடத்தினார். பண்டிதரின் எழுத்துகளைச் சிறு நூல்களாக வெளியிட்ட சித்தார்த்தா புத்தகசாலையும் மாரிகுப்பத்தினதே. ஏன் இங்கே? பௌத்த சங்கத்தின் கிளை இங்கு வலுவாயிருந்தது என்பது வழக்கமான விடை. அது பாதி விடை என்றே கருதுகிறேன்.

மறுபாதி பொருளாதாரம் சார்ந்தது. ஜான் டெய்லர் நிறுவனத்தார் 1880களில் சுரங்கங்களை விரித்தபோது வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய தமிழர், குறிப்பாக ஒடுக்கப்பட்ட சாதியினர், ஊரில் தானியமாகக் கூலி பெற்ற தலைமுறையின் பிள்ளைகள். இங்கே கைக்குக் காசு வந்தது. அது சொற்பக் காசுதான். பாறை வெடிப்பிலும் சரிவிலும் உயிரைப் பணயம் வைத்துப் பெற்றது. ஆனாலும் குறித்த நாளில் வரும் காசு. வார இதழொன்று உயிர்வாழ இரண்டு வேண்டும்: தவறாது பணம் தரும் வாசகர், தவறாது சரக்கைச் சேர்க்கும் வழி. 1894இல் பவுரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காருப்பேட்டை) மாரிகுப்பத்துக்கு இரயில் கிளைப்பாதை வந்துவிட்டது. சென்னையில் அச்சான தாள் ஜோலார்ப்பேட்டை வழியாகச் சுரங்கக் குடியிருப்பின் வாசல்வரை வரலாயிற்று. தங்கத்துக்காகப் போட்ட தண்டவாளத்தில் ‘தமிழ’னும் வந்தான்.

மொழியியல் படித்தவள் என்பதால் சொற்களிடம் சற்று நிற்கிறேன். அக்கால இதழ்கள் சந்தாவைக் ‘கையொப்பம்’ என்றும் சந்தாதாரரைக் ‘கையொப்பக்காரர்’ என்றும் வழங்கின. பெயரெழுதிக் கையொப்பமிடுவதே வாங்கச் சம்மதிப்பதாயிற்று. கைநாட்டு வைக்கவே பழக்கப்படுத்தப்பட்ட மக்களிடையே இச்சொல் பெற்றிருக்கக்கூடிய கனத்தை எண்ணிப் பாருங்கள். ‘பத்திராதிபர்’ என்ற சொல்லோ ஆசிரியரையும் உரிமையாளரையும் பிரிக்காதது. பிற்காலத்தில் அது ஆசிரியர், வெளியீட்டாளர், உரிமையாளர் எனச் சிதறியது. நாம் சிதறிய காலத்தில் நின்று பார்க்கிறோம். அதனால் முதலாமவரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இருவரையும் கைவிடுகிறோம். அப்பாதுரையாரிடம் இவ்விழப்பு இன்னும் தெளிவு. பௌத்தத்திலிருந்து சுயமரியாதை இயக்கத்தை நெருங்கிய சிந்தனையாளராக அவர் எங்கேனும் ஓர் அடிக்குறிப்பில் வருகிறார். பல ஆண்டுகள் ஓர் இதழை ஒரு தொழிற்பேட்டையில் நிறுத்திவைத்த நிர்வாகியாக எங்கும் வருவதில்லை.

அன்பு பொன்னோவியம் போன்றோர் காத்துவைத்த இதழ்களின் துணையோடு ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வந்திராவிட்டால் இப்பதிவை எழுதும் தகுதியே எனக்கில்லை. அந்நன்றியோடுதான் சொல்கிறேன்: பொருள்வாரித் தொகுப்பு சிந்தனையாளரைத் தந்தது, வார இதழைக் கலைத்தது. எந்தக் கட்டுரைக்குப் பக்கத்தில் எந்த விளம்பரம் இருந்தது, பணம் செலுத்தியவர் பெயர்கள் எந்த மூலையில் அச்சாயின, எந்த வாரம் இதழ் தாமதித்தது ஆகியவற்றைத் தொகுப்பை வைத்துக்கொண்டு அறியமுடியாது. உள்ளடக்கமே ஆவணம், மற்றவை உறை என்ற பழக்கம் பதிப்பாளரோடு நிற்கவில்லை. எங்கள் ஆய்வு முறையியல் வகுப்புகளிலும் ஊறிக்கிடக்கிறது.

2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கம் மூடப்பட்டது. அந்த வாசகர்களின் பேரப்பிள்ளைகள் இன்று விடியற்கால இரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். பலர் நிரந்தரமாகவே போய்விட்டார்கள். வீடு காலியாகும்போது பாத்திரமும் கட்டிலும் வண்டியேறும், பரண்மேல் இருக்கும் தாள்கட்டு எடைக்குப் போகும். சுரங்க நிறுவனத்தின் பதிவேடுகளைப் பற்றியேனும் யாராவது கேட்கிறார்கள். இந்தத் தாள்கட்டைப் பற்றிக் கேட்க யாருமில்லை.

தங்கவயலில் வேர்கொண்ட மாணவர்கள் இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். வீட்டில் ‘தமிழன்’ இதழோ சித்தார்த்தா புத்தகசாலை நூலோ இருந்தால் கட்டுரைப் பக்கங்களை மட்டும் படமெடுத்து அனுப்பாதீர்கள். மேலட்டை, விலை, அச்சகத்தின் பெயர், பின்னட்டையில் உள்ள நூற்பட்டியல், ஓரத்தில் தாத்தா பென்சிலில் போட்ட கணக்கு உட்பட எல்லாவற்றையும் எடுங்கள்.