பழைய லேப்டாப்பில் புரோகிராமிங்: எந்த எடிட்டர் கைகொடுக்கும்?

புரோகிராமிங் கற்றுக்கொள்ள 16 ஜிபி ராம் உள்ள புது லேப்டாப் கட்டாயம் வேண்டும் என்று யாராவது சொன்னால், உடனே கடன் வாங்கக் கிளம்பி விடாதீர்கள். எங்கள் கடமலைக்குண்டு பக்கம் கல்லூரி திறக்கும் நேரத்தில் இந்தப் பேச்சு தவறாமல் காதில் விழும். தென்னையையும் இலவம் பஞ்சையும் நம்பி இருக்கும் வீடு. மகனோ மகளோ பொறியியல் முதல் வருடம் சேர்ந்திருப்பார்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு லேப்டாப் இருக்கும். அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. இனி எதற்கும் ஆகாது என்று அதை பீரோவுக்கு மேல் ஏற்றி வைத்திருப்பார்கள். அது ஆகும் என்பதுதான் என் கட்சி. ஆனால் எடிட்டரைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தின் ஆரம்ப காலத்து லேப்டாப்புகளில் 2 ஜிபி ராம்தான் இருந்தது. விண்டோஸ் 7 உடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பெரும்பாலான பிள்ளைகள் பாஸை ஒரு தடவை திறந்து பார்த்ததோடு சரி. பாஸ்வேர்டையும் மறந்து விட்டார்கள்.

இப்போது கல்லூரியில் முதல் வாரமே காதில் விழும் பெயர் விஎஸ் கோட். மைக்ரோசாஃப்ட் 2015-ல் வெளியிட்ட எடிட்டர். நல்ல சாஃப்ட்வேர்தான், மறுக்கவில்லை. ஆனால் அது எலக்ட்ரான் என்ற அமைப்பின் மேல் கட்டப்பட்டது. அதாவது உள்ளே ஒரு முழு குரோமியம் பிரௌசரே ஓடிக் கொண்டிருக்கிறது. 2 ஜிபி ராமில் இதைத் திறந்து, பக்கத்தில் பாடம் பார்க்க இன்னொரு பிரௌசரையும் திறந்தால் ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையவே அணையாது. மேலும் 2022 ஆகஸ்டு மாதத்தின் 1.71 பதிப்பிலிருந்து அது விண்டோஸ் 7-ல் ஓடுவதும் இல்லை. பையன் வந்து லேப்டாப் கெட்டுப் போச்சு என்பான். லேப்டாப் கெடவில்லை, சாஃப்ட்வேர் அதைத் தாண்டிப் போய்விட்டது.

இன்னொரு விஷயம். விஎஸ் கோட் ஓப்பன் சோர்ஸ் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அதன் மூல நிரல் எம்ஐடி உரிமத்தில் இருப்பது உண்மை. ஆனால் நாம் டவுன்லோட் செய்யும் தொகுப்பு மைக்ரோசாஃப்டின் தனி உரிமத்தில் வருகிறது. பயன்பாட்டுத் தகவலை அனுப்பும் வசதியும் அதில் சேர்ந்தே வருகிறது. இது பிடிக்காதவர்கள் விஎஸ் கோடியம் என்ற தொகுப்பைப் போட்டுக் கொள்கிறார்கள். அதே நிரல்தான், மைக்ரோசாஃப்டின் சேர்க்கைகள் கிடையாது. ஆனால் 2025 ஏப்ரலில் மைக்ரோசாஃப்டின் சி, சி++ எக்ஸ்டென்ஷன் இப்படிப்பட்ட மாற்றுத் தொகுப்புகளில் வேலை செய்வதை நிறுத்தியது. முதல் வருடம் சி படிக்கும் மாணவருக்கு இது நேரடி அடி. கிளாங்டி என்ற மாற்று எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. அதை அமைக்கத் தெரிந்தவர் முதல் வருட மாணவராக இருக்க மாட்டார்.

பழைய லேப்டாப்புக்கு நான் கையைக் காட்டுவது ஜியானி என்ற எடிட்டரை. 2005-லிருந்து வந்து கொண்டிருக்கிறது. பார்க்க ஆடம்பரம் இல்லை, பழைய டர்போ சி-யின் தம்பி மாதிரி இருக்கும். திறப்பதற்குள் டீ ஆறாது. எஃப்8 அழுத்தினால் கம்பைல், எஃப்9 அழுத்தினால் பில்ட், எஃப்5 அழுத்தினால் ஓடும். ஜிசிசி கம்பைலர் மட்டும் இருந்தால் போதும், வேறு எதையும் நெட்டிலிருந்து இழுக்க வேண்டியதில்லை. லேப்டாப்பில் விண்டோஸ் 7-ஐ வைத்துக் கொண்டு நெட்டுக்குப் போக வேண்டாம். அதற்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்று விட்டது. டெபியன் லினக்ஸை எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்புடன் போட்டு, அதில் ஜியானியை இன்ஸ்டால் செய்யுங்கள்.

விம், ஈமாக்ஸ் இரண்டையும் விட்டு விட்டாயே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இரண்டுமே ராமை மிச்சம் பிடிப்பவை, இரண்டுமே ஆளுக்கேற்ப வளைபவை. இவற்றில் எது நல்லது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. நமக்கு முக்கியமான ஒரு சோதனை வைத்துப் பார்த்தால் பதில் தானாக வரும்: தமிழில் டைப் செய்ய முடிகிறதா?

தேங்காய் மண்டிக்கு ஒரு பில் புரோகிராம் எழுதுகிறீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். எடை, கழிவு, பாக்கி எல்லாம் தமிழில்தான் அச்சாக வேண்டும். விம்மில் தமிழ்99 கீபோர்டை ஆன் செய்து டைப் செய்துவிட்டு, எஸ்கேப் அழுத்தி ஒரு வரியை அழிக்க இரண்டு முறை 'டி' தட்டினால் வரி அழியாது. கீபோர்டு இன்னும் தமிழிலேயே இருப்பதால் அந்த எழுத்து விம்முக்குக் கட்டளையாகப் போய்ச் சேராது. இதற்காகவே விம்முக்குள் தனியாக கீமேப் வசதி இருக்கிறது. ஆனால் அதனுடன் வரும் தமிழ் கீமேப் யூனிகோடுக்கு முந்திய டிஸ்கி எழுத்து முறைக்கானது. டெர்மினலில் வேறு தொல்லை. பல டெர்மினல்களில் 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரிந்து நிற்கும்.

ஈமாக்ஸில் இந்தச் சிக்கல் இல்லை. தமிழுக்கு ஐட்ரான்ஸ், இன்ஸ்கிரிப்ட் முறைகள் உள்ளேயே இருக்கின்றன. கண்ட்ரோலுடன் பின்சாய்வுக் கோட்டை அழுத்தினால் தமிழ், மறுபடி அழுத்தினால் ஆங்கிலம், கட்டளைகள் குழம்புவதில்லை. 2020-ல் வந்த 27-ம் பதிப்பிலிருந்து ஹார்ஃப்பஸ் சேர்ந்ததால் எழுத்துகளும் ஒழுங்காகத் தெரிகின்றன. கற்றுக்கொள்ள நாள் பிடிக்கும், அதையும் சொல்லி விடுகிறேன். ஜியானியில் ஐபஸ் மூலம் தமிழ்99 போட்டுக் கொண்டால் முதல் வருடத்துக்கு அதுவே தாராளம்.

எடிட்டரைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் பலரும் வழி தவறுகிறார்கள். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, ஐம்பது பிளக்-இன் என்று யூட்யூப் பார்த்து அலங்காரம் செய்வதிலேயே ஒரு செமஸ்டர் ஓடி விடும். அலங்காரம் நிலைப்பதும் இல்லை. ஆட்டம் என்று ஒரு எடிட்டர் இருந்தது. இஷ்டப்படி மாற்றிக் கொள்ளலாம் என்பதே அதன் விளம்பரம், அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான். கிட்ஹப் நிறுவனம் 2022 டிசம்பர் 15 அன்று அதை மூடியது. அதற்காக ராத்திரி கண்விழித்து செட்டிங்ஸ் எழுதியவர்கள் எல்லோரும் புது இடம் தேடினார்கள்.

அதனால் செட்டிங்ஸைக் குறைவாக வைத்து, கையோடு கொண்டு போகும்படி வைத்துக் கொள்ளுங்கள். இதற்கும் ஓப்பன் சோர்ஸ் கருவிகள் உண்டு. குனு ஸ்டோ என்பது செட்டிங்ஸ் ஃபைல்களை ஓரிடத்தில் வைத்து அங்கங்கே லிங்க் மட்டும் போடும். அந்த இடம் பென் டிரைவாக இருந்தால், பென் டிரைவை உருவியதும் எல்லா லிங்கும் அந்தரத்தில் தொங்கும். ஷேமுவா என்ற கருவி லிங்க் போடாமல் ஃபைலையே நகல் எடுத்து வைக்கிறது, விண்டோஸிலும் ஓடுகிறது. வீட்டில் லினக்ஸ், கல்லூரி லேபில் விண்டோஸ் என்று இருப்பவர்களுக்கு இதுவே தோது. இரண்டும் பெரிதாகத் தோன்றினால் கிட் மட்டும் போதும். கிட் என்றால் கிட்ஹப், அதற்கு நெட் வேண்டும் என்று நினைத்துக் கொள்கிறார்கள். தேவையே இல்லை. பென் டிரைவில் ஒரு காலி ரெப்போ உருவாக்கி, வீட்டிலிருந்து அதற்கு புஷ், லேபில் அதிலிருந்து புல். போடி அரசு பொறியியல் கல்லூரிக்கும் கடமலைக்குண்டுக்கும் நடுவில் பஸ்ஸில் உங்கள் சட்டைப் பையிலேயே எல்லாம் போய் வரும்.

2025 மார்ச் பட்ஜெட்டில், 2 ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. உங்கள் வீட்டுக்குப் புதியது வந்தால் மகிழ்ச்சி. அதற்காக அக்காவின் பழைய லேப்டாப்பை எடைக்குப் போட்டு விடாதீர்கள். டெபியனும் ஜியானியும் பைத்தானும் போட்டு, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் தம்பியிடம் கொடுங்கள். பேட்டரி நிற்கவில்லை என்றால் சார்ஜரைச் செருகியபடியே ஓட்டலாம்.