முறுக்குக் காசுக்கும் வரி உண்டா?

"சார், நான் பொழுதுபோக்காத்தான் முறுக்கு சுடுறேன். அதுக்குமா வரி?" என்று கிள்ளானில் ஒரு தாயார் கேட்டார். பகலில் தொழிற்சாலை வேலை, மாலையில் அடுப்படி. முன்பு தோட்டத்தில் லயத்துக்கு லயம் தட்டில் போன பலகாரம், இப்போது டப்பாவில் அடைபட்டு பிரிக்பீல்ட்ஸ் வரை போகிறது. காசு கைத்தொலைபேசியிலேயே வந்து விழுகிறது.

நியாயமான கேள்விதான். ஆனால் 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 4-ஆம் பிரிவைப் புரட்டினால் வணிகம், சம்பளம், வட்டி, வாடகை, ஓய்வூதியம், இவற்றில் சேராத பிற ஆதாயம் என்றுதான் இருக்கிறது. பொழுதுபோக்கு என்று ஒரு கட்டம் அங்கே கிடையாது. ஆசைக்குச் செய்தோமா, காசுக்குச் செய்தோமா என்று மனத்தைத் திறந்து பார்க்க எந்த அதிகாரியாலும் முடியாது. ஆகவே செய்கையைப் பார்க்கிறார்கள். விற்பதற்கென்றே சாமான் வாங்கினீர்களா? திரும்பத் திரும்ப விற்றீர்களா? லாபம் வைத்து விலை சொன்னீர்களா? ஆள் தேடி விளம்பரம் செய்தீர்களா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றால் அது வியாபாரம்.

ஒரே ஒரு தடவை விற்றாலும் மாட்டிக்கொள்ளலாம். ரட்லெட்ஜ் என்ற ஒருவர், சினிமாத் தொழில் விஷயமாக பெர்லினுக்குப் போன இடத்தில், மலிவாகக் கிடைத்ததென்று பத்து லட்சம் கழிவறைக் காகிதச் சுருள்களை வாங்கி, ஒரே ஆளிடம் பெருத்த லாபத்துக்குத் தள்ளிவிட்டார். வியாபாரமல்ல என்று வாதாடினார். 1929-இல் ஸ்காட்லாந்து நீதிமன்றம் ஒப்பவில்லை. பத்து லட்சம் சுருளை ஒரு மனிதன் தன் வீட்டுக்கென்று வாங்கியிருக்க முடியுமா, சொல்லுங்கள்!

அதற்காக எல்லாவற்றுக்கும் பயப்படவும் வேண்டாம். வீட்டில் புழங்கிய பழைய தையல் இயந்திரத்தை விற்றால் அது வியாபாரமல்ல. அக்கம்பக்கத்துப் பெண்ணுக்கு எப்போதோ ஒரு ரவிக்கை தைத்து, நூலுக்கென்று ஐந்து வெள்ளி வாங்கினாலும் அப்படித்தான். வாரந்தோறும் அளவெடுத்துக் கூலி பேசித் தைத்தால் கதை வேறு.

சரி, எவ்வளவு வரி? பெரும்பாலோர் வருமானத்தை மறைப்பது இது தெரியாமல்தான். சம்பளம் ஆண்டுக்கு 30,000 வெள்ளி, மாவு, எண்ணெய், எரிவாயு, டப்பா செலவெல்லாம் போக முறுக்கில் மிச்சம் 8,000 என்று வைப்போம். கூட்டினால் 38,000. தனிநபர் கழிவு 9,000, இ.பி.எஃப். சந்தா 3,300 போனால் நிற்பது 25,700. முதல் 5,000-க்கு வரியில்லை. 20,000 வரை 1 விழுக்காடு, அதாவது 150 வெள்ளி. மீதி 5,700-க்கு 3 விழுக்காடு, 171 வெள்ளி. ஆக 321. வரிக்குரிய வருமானம் 35,000-ஐத் தாண்டாதவருக்கு 400 வெள்ளி தள்ளுபடி இருப்பதால் கட்டவேண்டியது ஒன்றுமில்லை. ஒரு காசும் இல்லாத வரிக்கு எத்தனை ராத்தூக்கம் போயிற்று!

ஆனால் பாரம் மாறும். சம்பளம் மட்டும் உள்ளவருக்கு பி.இ. பாரம், கெடு ஏப்ரல் 30. வியாபார வருமானமும் சேர்ந்தால் பி பாரம், கெடு ஜூன் 30. கட்ட வரியில்லை என்பதற்காகக் கணக்கு அனுப்பவேண்டியவர் அனுப்பாமலிருந்தால் 200 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

வியாபாரம் என்று ஒப்புக்கொள்வதில் ஒரு அனுகூலமும் இருக்கிறது. எண்ணெய் விலை ஏறி அந்த ஆண்டு நஷ்டமானால், அதைச் சம்பள வருமானத்தில் கழிக்கலாம். பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொள்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. பிள்ளைகள் தின்ற முறுக்கைச் செலவில் எழுதக்கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே தாய்மார்களே, ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. மாவுக்கடை ரசீதைப் பின்னால் ஒட்டி வையுங்கள். ஏழு ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும். கடை ரசீதின் மை ஒரே ஆண்டில் மங்கிவிடும், ஒரு நகல் எடுத்து வைப்பது நல்லது. வியாபாரத்தைப் பதிவு செய்வது தனிச் சங்கதி, அதை அடுத்த இதழில் பார்ப்போம்.