மின்னல் குடிகொண்ட ஏரி

தென் அமெரிக்காவின் வடகோடியில், வெனிசுவேலா நாட்டில், மரகைபோ என்றோர் ஏரி உண்டு. பரப்பு ஏறத்தாழ 13,000 சதுரக் கிலோமீட்டர். ஏரியெனப் பெயர் பெற்றாலும், குறுகிய நீரிணை ஒன்றினால் கடலோடு கலப்பது. இதன் தென்மேற்கில் கட்டடும்போ ஆறு வந்து சேரும் சதுப்பு நிலத்தின்மேல், இருட்டியபின் மின்னத் தொடங்கினால் பல மணி நேரம் ஓயாது மின்னும். ஆண்டிற்குச் சராசரி 297 இரவுகள் இவ்வேரியின்மீது இடிமேகம் கூடுவதாகவும், ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு ஆண்டில் 233 மின்னல்கள் தோன்றுவதாகவும் 2016-இல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வொன்று கணக்கிட்டது. உலகில் வேறெங்கும் இத்துணை அடர்த்தி இல்லை. கடலோடிகள் இதனை 'மரகைபோவின் கலங்கரை விளக்கம்' என்றனர். சூலியா மாநிலம் தன் கொடியிலேயே ஒரு மின்னலைப் பொறித்துக்கொண்டது.

காரணத்தை வெகுநாள் தேடினர். சதுப்பு வாயு என்றார் சிலர். யுரேனியம் என்றார் சிலர். ஓசோன் படலத்தையே இம்மின்னல் செப்பனிடுகிறது என்ற பேச்சும் உண்டு. அது நம்பத்தக்கதன்று, இங்கு உண்டாகும் ஓசோன் அவ்வளவு உயரம் எட்டுவதில்லை. உண்மை எளியது. ஏரியின் மூன்று புறமும் மலைகள். கரீபியக் கடலின் ஈரக்காற்று, திறந்து கிடக்கும் வடபுறமாக இரவில் நுழைந்து, மலைச்சரிவில் இறங்கும் குளிர்காற்றோடு மோதுகிறது. வெதுவெதுப்பான ஏரிநீரோ மேலும் ஈரத்தை ஊட்டுகிறது. உயர எழும்பிய மேகத்தினுள் பனித்துகள்கள் உராய்ந்து மின்னேற்றம் கொள்கின்றன. 2010-இன் தொடக்கத்தில் கடும் வறட்சியால் மின்னல் சில வாரங்கள் நின்றேபோயிற்று. மின்னலைக் கண்டு அஞ்சுவோரை நாம் அறிவோம். அங்கோ மின்னலைக் காணாமல் அஞ்சினர்!

இக்காட்சியை நாடி வெளியூரார் படகேறி வருகின்றனர். வானத்தைப் பார்க்க வருவோர் சற்றே கீழும் பார்த்தல் நன்று. கொங்கோ மிரதோர் என்னும் சிற்றூர், நீரில் கால் நட்டுக் கட்டிய மீனவர் குடில்களால் ஆனது. 1499-இல் ஐரோப்பியர் இத்தகைய குடில்களைக் கண்டுதான் இந்நாட்டிற்குச் 'சின்ன வெனிஸ்' என்னும் பொருளில் பெயரிட்டனர் என்பர். பள்ளியும் ஆலயமும் கொண்டிருந்த அவ்வூரைச் சென்ற பத்தாண்டுகளில் ஆற்றுவண்டல் தூர்த்துவிட்டது. படகு மிதந்த இடத்தில் சேறும் புல்லும். ஏரியில் நெடுங்காலமாகக் கசியும் எண்ணெய் மீனவர் பிழைப்பை முன்னரே குலைத்திருந்தது. நாட்டின் வறுமையும் சேர்ந்தது. குடும்பங்கள் ஒவ்வொன்றாய்க் கிளம்பின. பல நூறு பேர் வாழ்ந்த ஊர் ஏறக்குறைய வெறுமையாயிற்று. அனபெல் ரொட்ரிகெஸ் ரியோஸ் என்னும் பெண்மணி எடுத்து 2020-இல் வெளியான ஆவணப்படம் இச்சிதைவைக் காட்டுகிறது. வீட்டையே படகில் ஏற்றிக்கொண்டு போனவரும் அவ்வூரில் உண்டு.

மின்னல் இன்றும் தவறாமல் வருகிறது. அதைக் காண்போர் இப்பொழுது வேறு குடியிருப்புகளில் தங்குகின்றனர்.