அளப்பவர் தலைக்கு யார் பொறுப்பு?

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை போகும் பேருந்தில் ஒருவர் கந்தர்வக்கோட்டையில் இறங்குகிறார். தோளில் ஒரு பை. பைக்குள் ஒரு டேப், ஒரு நோட்டு, ஒரு தண்ணீர் பாட்டில். காலில் ரப்பர் செருப்பு. வங்கிக் கடனுக்காக ஒரு பழைய ஓட்டு வீட்டை மதிப்பிட வந்திருக்கலாம். ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கட்டட உறுதிச் சான்று தர வந்திருக்கலாம். மழையில் சுவர் விழுந்த வீட்டைக் கணக்கெடுக்க வந்த கிராம நிர்வாக அலுவலராகவும் இருக்கலாம்.

பெயர் எதுவாகவும் இருக்கட்டும். மதிப்பீட்டாளர், பொறியாளர், சர்வேயர், வி.ஏ.ஓ... வேலை ஒன்றுதான். அடுத்தவர் கட்டடத்துக்குள் போய், அது எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சந்தேகம் இருக்கிற கட்டடத்துக்குத்தான் பெரும்பாலும் அவரைக் கூப்பிடுகிறார்கள். அதாவது, மற்றவர்கள் உள்ளே போகலாமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ள, முதலில் அவரை உள்ளே அனுப்புகிறோம்!

அவர் தலையில் ஒரு ஹெல்மெட் கூட இல்லை. அதைப் பற்றி யாருக்கும் கவலையும் இல்லை.

"இது ஒரு பிரச்சினையா?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அந்தக் கட்டடத்துக்குள் என்னதான் இருக்கிறது?

முதலில் கூரை. நம் ஊர்ப் பக்கம் மாட்டுக் கொட்டகை முதல் முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகை வரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இல்லாத இடம் குறைவு. கீழிருந்து பார்த்தால் கல் மாதிரி தெரியும். வெயிலிலும் மழையிலும் பல வருடம் கிடந்த ஷீட்டின் மேல் காலை வைத்தால், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் உடையும். ஏறினவர் நேராகத் தரையில்தான். உடைந்த ஷீட்டிலிருந்து பறக்கும் நுண்ணிய இழை நுரையீரலுக்குள் போனால், அது நோயாக வெளியே தெரிய இருபது முப்பது வருடம் கூட ஆகும். இங்கிலாந்து 1999லேயே இதைத் தடை செய்துவிட்டது. நாம் இன்னும் இதன் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

அடுத்தது கான்கிரீட். கைப்பிடிச் சுவரில்லாத மொட்டை மாடி, கீழே கம்பி தெரிகிற தளம், தொங்குகிற சன்ஷேடு. உள்ளே தண்ணீர் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பை விடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாததால் கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும். அதனால்தான் பழைய கூரையிலிருந்து காரை தட்டுத் தட்டாகப் பெயர்ந்து விழுகிறது. சுத்தியலால் தட்டிப் பார்த்தால், உள்ளே விட்டுப்போன இடம் 'டொக் டொக்' என்று வேறு சத்தம் கொடுக்கும். ஆனால் தட்டுபவர் எங்கே நிற்கிறார்? அந்த இடத்துக்கு நேர் கீழே!

பழைய சுண்ணாம்புக் காரை வீடுகளில் மர உத்தரம் வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே கரையான் தின்று முடித்திருக்கும். ஈரச் சுவரில் மின் கசிவு இருக்கும். மூடிக் கிடக்கும் தொட்டிக்குள் விஷவாயு இருக்கும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் பாம்பு இருக்கும், கதண்டு கூடு இருக்கும். இவ்வளவையும் ஒரு டேப்பும் ரப்பர் செருப்பும் வைத்துக்கொண்டு ஒருவர் தனியாகச் சமாளிக்க வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் கூரைகள் பறந்தன, மரங்கள் சாய்ந்தன, மின்கம்பங்கள் வரிசையாக விழுந்து கிடந்தன. அதற்குப் பிறகு வீடு வீடாகப் போய்ச் சேதத்தைக் கணக்கெடுத்தவர்கள் யார்? சாதாரண வருவாய்த் துறை ஊழியர்கள். நனைந்து ஊறின மண் சுவர், மழை விட்ட பிறகும் விழும் என்பது கிராமத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்று படிவம் நிரப்பச் சொல்லும்போது மட்டும் அது நமக்கு மறந்துவிடுகிறது.

அவர் பயந்தால் நமக்கென்ன?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. சர்வேயரின் பாதுகாப்பு அவருடைய சொந்தப் பிரச்சினை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை!

ஏணி இல்லாதவர் மாடிக்கு ஏற மாட்டார். துணைக்கு ஆள் இல்லாதவர் இருட்டு அறைக்குள் போக மாட்டார். டார்ச் இல்லாதவர் உத்தரத்தைப் பார்க்க மாட்டார். உயிர் பயம் எல்லோருக்கும் உண்டு, அதில் தப்பும் இல்லை. ஆனால் "நான் ஏறவில்லை, பார்க்கவில்லை" என்று சான்றில் எழுதுகிறாரா? எழுதினால் அடுத்த வேலை வராது. ஆகவே கீழே வேப்ப மர நிழலில் நாற்காலி போட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, "கட்டடம் உறுதியாக உள்ளது" என்று கையெழுத்துப் போட்டுவிடுவது சுலபம். அந்தக் கையெழுத்துக்குக் கீழே நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பிக்கிறார்கள்.

தமிழ்நாடு பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டம் 1965லேயே வந்துவிட்டது. பள்ளிக்கூடம் நடத்த வேண்டுமென்றால் கட்டட உறுதிச் சான்று வேண்டும், தாசில்தாரிடம் கட்டட உரிமம் வாங்க வேண்டும். சட்டத்தில் ஓட்டை இல்லை. கூரையில்தான் ஓட்டை!

2004 ஜூலை 16. கும்பகோணம். சமையல் கொட்டகையில் பிடித்த தீ, மாடி வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் கருகினார்கள். அந்தப் பள்ளியிடமும் காகிதங்கள் இருந்தன. பத்து வருடம் கழித்து, 2014 ஜூலை 30ல் தஞ்சாவூர் நீதிமன்றம் தண்டித்த 10 பேரில் ஒரு பொறியாளரும் உண்டு. (பிறகு 2017ல் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் தண்டனைகளைக் குறைத்ததும், சிலரை விடுவித்ததும் தனிக் கதை.)

அதே 2014ல், ஜூன் 28 அன்று, சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். 2017 அக்டோபர் 20 அதிகாலை, பொறையாறு அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில், பழைய ஓய்வறைக் கட்டடத்தின் கூரை விழுந்து, தூங்கிக்கொண்டிருந்த 8 தொழிலாளர்கள் இறந்தார்கள். 2019 டிசம்பர் 2, மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஒரு சுற்றுச்சுவர் வீடுகள் மேல் சாய்ந்து 17 பேர். 2021 டிசம்பர் 17, திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து 3 மாணவர்கள்.

ஒவ்வொரு முறையும் அடுத்த வாரம் "எல்லாக் கட்டடங்களையும் உடனே ஆய்வு செய்க" என்று உத்தரவு வருகிறது. நல்லது. யார் ஆய்வு செய்வது? எத்தனை பேர்? எந்த ஏணியில் ஏறி? ஒரே வாரத்தில் ஒரு ஒன்றியம் முழுக்க இருக்கிற பள்ளிகளையும் அங்கன்வாடிகளையும் பார்த்து முடி என்றால், அவர் பார்ப்பாரா, அல்லது டிக் அடிப்பாரா?

சட்டம் என்ன சொல்கிறது?

தொழிலாளர் பாதுகாப்புக்கென்று 2020ல் நாடாளுமன்றம் ஒரு தொகுப்புச் சட்டம் கொண்டுவந்தது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் என்று பெயரெல்லாம் பிரமாதம்! ஆனால் பொதுவாக, பத்து பேராவது வேலை செய்கிற நிறுவனத்துக்குத்தான் அது. மத்திய, மாநில அரசு அலுவலகங்களுக்கு அது பொருந்தாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது.

இப்போது கந்தர்வக்கோட்டையில் இறங்கினவரை மறுபடி நினைத்துப் பாருங்கள். அவர் தனியார் மதிப்பீட்டாளர் என்றால், அவரும் ஒரு உதவியாளரும்தான் மொத்த நிறுவனமே. அரசு ஊழியர் என்றால், அரசு அலுவலகம். இரண்டு கதவும் சாத்தியாயிற்று!

வெளிநாட்டில் எப்படி? லண்டனில் 1868ல் தொடங்கிய சர்வேயர்கள் சங்கம் ஒன்று இருக்கிறது. ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆப் சார்ட்டர்டு சர்வேயர்ஸ். 'பாதுகாப்பாக அளப்பது' என்ற பொருளில் தலைப்பு வைத்து, இந்தத் தொழிலுக்கென்றே தனி வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. தனியாகப் போவது பற்றிக் கூட அங்கே விவாதிக்கிறார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. 1986 ஜூலையில், லண்டனில் வாடிக்கையாளருக்கு வீடு காட்டப் போன ஒரு இளம்பெண் திரும்பி வரவே இல்லை. அதற்குப் பிறகு, "எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய், வராவிட்டால் யார் தேடுவது?" என்ற கேள்விகள் அங்கே வேலையின் ஒரு பகுதியாகின. நம் ஊரில் இதைக் கேட்பது வீட்டில் அம்மா மட்டும்தான்.

"இதெல்லாம் நம்ம ஊருக்குச் சரிவராது"

வரும் முதல் பதில் இதுதான். இரண்டாவது பதில், "முப்பது வருஷமா இப்படித்தான் போறோம், ஒண்ணும் ஆகலையே". பொறையாறு கூரையும் 2017 அக்டோபர் 19 இரவு வரை விழாமல்தான் நின்றது! விழாமல் இருந்த நாட்களை எண்ணி ஒரு கட்டடத்தின் உறுதியைச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லலாம் என்றால் பொறியாளரே தேவையில்லை, காலண்டர் போதும்.

மூன்றாவது பதில், செலவு. ஒரு ஹெல்மெட், கெட்டியான ஷூ, டார்ச், முகக்கவசம், மடக்கு ஏணி. பல லட்சம் கடனுக்கு ஒரு வீட்டை ஈடாக எடுக்கும் வங்கிக்கு இது செலவா? ஒரு கட்டடத் திறப்பு விழாவுக்குப் போடும் பந்தல் செலவில் ஒரு தாலுகாவுக்கே வாங்கிவிடலாம்.

கேட்பது பெரிய விஷயமில்லை:

1. சந்தேகமான கட்டடத்துக்குள் யாரும் தனியாகப் போகக் கூடாது. ஒருவர் வெளியே நிற்க வேண்டும்.

2. முதலில் வெளியே ஒரு சுற்று. சுவர் சாய்வு, மூலையில் ஓடும் சாய்வான விரிசல், தொங்கும் ஒயர் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் வாசல்படி.

3. மாடியையும் கூரையின் அடிப்பக்கத்தையும் தேதியோடு படம் எடுத்து ஒட்டாத சான்று செல்லாது.

4. மிக முக்கியமாக, "உள்ளே போக முடியாத நிலை" என்று எழுதும் உரிமை. அப்படி எழுதினவர் வேலை செய்யாதவர் ஆக மாட்டார். அளப்பவரே நுழையப் பயப்படும் கட்டடத்தில் பிள்ளைகள் எப்படி உட்காரலாம்? அந்த ஒரு வரி எழுதப்பட்டால் கட்டடத்தைப் பூட்ட வேண்டும். அவ்வளவுதான்.

நாலாவதைத்தான் யாரும் தர மாட்டார்கள். முதல் மூன்றும் பணம் சம்பந்தப்பட்டவை. நாலாவது உண்மை சம்பந்தப்பட்டது. பள்ளி நிர்வாகிக்கும், கடன் இலக்கு வைத்திருக்கும் வங்கிக்கும், "எல்லாம் சரியாக உள்ளது" என்று மேலே அறிக்கை அனுப்ப வேண்டிய அலுவலகத்துக்கும் அந்த ஒரு வரி பிடிக்காது.

பாலிடெக்னிக்கிலும் கல்லூரியிலும் சிவில் படித்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, நாளைக்கு இந்தச் சான்றில் கையெழுத்துப் போடப் போவது நீங்கள்தான். உத்தரத்தின் பாரம் கணக்கிடச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த உத்தரத்துக்குக் கீழே நிற்கலாமா என்று யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? முதல் வேலைக்குப் போகும்போது சம்பளம் எவ்வளவு என்று கேட்பீர்கள். கூடவே, "ஏணி யார் கொடுப்பார்கள்?" என்றும் கேளுங்கள்.

சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கும்பகோணத்தில் யாராவது மாடி ஏறிப் பார்த்து, கீற்றைப் பிரிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒரே ஒரு முறை சொல்லியிருந்தால்...?