நண்பகலில் நிற்றலும் வீரமே

தனியே மோட்டார் சைக்கிளேறி நெடுந்தூரஞ் சென்று, இரவிற் கூடாரமடித்துத் தங்கும் பயணம் இந்நாளில் இளைஞர் பலரைக் கவர்கின்றது. அது நன்றே. ஆயின், கத்திரி வெயிலிலும் நில்லாது செல்வதே வீரமெனக் கருதுதல் பெரும் பிழையென்பது எம் கொள்கை.

திருச்சியினின்று தஞ்சைச் சாலையில் திருவெறும்பூரைக் கடக்குங்கால், மே மாதத்து வெயில் 40 பாகையை மீறுதலுமுண்டு. நம் உடல்வெப்பமோ 37 பாகையே. ஆதலின் எதிர்காற்று உடலைச் சுடும். வியர்வை உலர்தலொன்றே அதனைக் குளிர்விக்கும். வியர்வை உடனே உலர்ந்துவிடுதலால் நீரிழப்புப் புலப்படுவதில்லை. உள்வெப்பம் 40 பாகையைக் கடப்பின் அறிவு தடுமாறும். தடுமாறிய அறிவு தன் தடுமாற்றத்தைத் தானே அறியாது. எச்சரிக்கத் துணைவனும் இல்லை.

ஆகவே, தனிவழிச் செல்வோன் நிற்கவேண்டிய நேரத்தை, அறிவு தெளிந்திருக்கும் காலையிலேயே வரையறுத்துக் கொள்ளல் வேண்டும். நம் முன்னோர் வைகறையில் நடந்து, நண்பகலிற் சத்திரத்திலும் தண்ணீர்ப்பந்தரிலும் இளைப்பாறி, வெயில் தாழ்ந்தபின் வழிக்கொண்டனர். அவர் கோழையரல்லர். நிழலில் நின்றவன் பயணத்தைக் கைவிட்டவனுமல்லன்.

உச்சிவெயிலில் எறும்பும் புற்றினுள் ஒடுங்கும். எறும்பாற் பெயர்பெற்ற ஊரைக் கடக்கும் நமக்கு அவ்வறிவேனும் வேண்டாவோ?