ஐ ஷேடோ வாங்கப் போறீங்களா? கலருக்கு முன்னால் லேபிளைப் பாருங்க!

காரைக்குடியில் முகூர்த்த நாள் என்றால் விடியும் முன்பே மேக்கப் பெட்டி திறந்துவிடும். மணப்பெண் மட்டுமல்ல, அக்கா, நாத்தனார், தோழிகள் என எல்லோரும் ஒரே பேலட்டின் முன்னால் வரிசையில் நிற்பார்கள். எந்தக் கலர் சேலைக்குப் பொருந்தும் என்று பார்க்கிறோம். அந்தக் கலருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிறோமா? பாதரசம் பற்றிய ஒரு சர்வதேச முடிவு இந்தக் கேள்வியை முக்கியமாக்கியிருக்கிறது.

என்ன முடிவு அது?

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தத்துக்கு இந்தியா 2018-ல் ஒப்புதல் அளித்தது. 1 பிபிஎம் அளவுக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனப் பொருட்களை 2020-க்குள் நிறுத்த வேண்டும் என்றது அந்த ஒப்பந்தம். ஆனால், கண் மேக்கப்புக்கு மட்டும் ஒரு விலக்கு இருந்தது. 2023-ல் ஜெனீவாவில் நடந்த உறுப்பு நாடுகள் கூட்டத்தில் அந்த விலக்கும் போனது, 1 பிபிஎம் வரம்பும் போனது. பாதரசம் சேர்த்த அழகுசாதனங்கள் எதுவானாலும் 2025-உடன் முடிவுக்கு வர வேண்டும் என்பதே புதிய நிலை.

கண்ணுக்கு மட்டும் ஏன் விலக்கு தந்தார்கள்?

கண் மேக்கப்பில் கிருமி வளர்ந்தால் நேராகப் பார்வையைத்தான் பாதிக்கும். கிருமியைத் தடுக்கும் பதப்படுத்தியாகப் பாதரசக் கூட்டுப்பொருட்கள் பயன்பட்டன. இந்தியாவின் அழகுசாதனப் பொருட்கள் விதிகள், 2020-லும் இதே தர்க்கம்தான். கண் பகுதிக்கான பொருட்களில் பதப்படுத்தியாக 70 பிபிஎம் வரை பாதரசம் இருக்கலாம். மற்றவற்றில் தற்செயலாகக் கலப்பது 1 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்றன அந்த விதிகள். அதாவது, கன்னத்துக்கு 1, கண்ணுக்கு 70! இன்று ஃபீனாக்ஸிஎத்தனால் போன்ற மாற்றுகள் சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. ‘வேறு வழியில்லை’ என்ற வாதம் இனி எடுபடாது.

அப்படியென்றால் வீட்டில் உள்ள பேலட்டைத் தூக்கி எறியணுமா?

பதற வேண்டாம். பவுடர் ஐ ஷேடோவில் தண்ணீர் இல்லை என்பதால் பதப்படுத்தியின் தேவையே குறைவு. மஸ்காரா, க்ரீம், திரவ வகைகளில்தான் கூடுதல் கவனம் வேண்டும். பொருட்கள் பட்டியலில் ‘தயோமெர்சால்’ அல்லது ‘ஃபீனைல் மெர்குரிக்’ என்று தொடங்கும் பெயர் இருந்தால் அது பாதரசம்.

பட்டியலே இல்லாத பொருள்தான் பெரிய ஆபத்து. கேரளத்தின் மலப்புரத்தில் முகவரி தெரியாத சிவப்பழகு க்ரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு வந்தது 2023-ல் தெரியவந்தது. பிறகு அம்மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தியது. ஐ ஷேடோ வேறு, அந்த க்ரீம் வேறுதான். ஆனால், லேபிள் இல்லாமல் வாங்கும் பழக்கம் ஒன்றுதான்.

லேபிளில் என்ன பார்ப்பது?

* உள்நாட்டுப் பொருள் என்றால் தயாரிப்பு உரிம எண்.
* வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதிப் பதிவுச் சான்றிதழ் எண், இறக்குமதியாளர் முகவரி.
* தொகுதி எண், பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, சேர்மானப் பட்டியல்.
* மூடி திறந்த டப்பா படம். அதில் 12 என்றிருந்தால், திறந்ததிலிருந்து 12 மாதம்.
* ‘கண் பகுதிக்கு அல்ல’ என்ற குறிப்பு. பளிச்சென்ற நியான் கலர்கள் சிலவற்றில் இது பொடி எழுத்தில் இருக்கும்.

சரி, எந்த லுக்குக்கு எந்தக் கலர்?

36 கலர் பேலட் தேவையே இல்லை. நம் சருமத்துக்கு நான்கு போதும்: இமை நிறத்துக்கு நெருக்கமான ஒரு மேட், இமை மடிப்புக்கு ஒரு பிரவுன், ஓரத்துக்கு அடர் காபி, நடுவில் தொட ஒரு தங்க ஷிம்மர்.

ஆபீஸுக்கு முதல் இரண்டும் போதும். விடிகாலை முகூர்த்தத்தில் வீடியோ லைட்டும் அக்னி வெளிச்சமும் முகத்தில் விழும், நகையும் மின்னும். அதனால் மேட்டைக் கூட்டி ஷிம்மரைக் குறைக்கலாம். ரிசப்ஷனுக்கு அடர் காபியும் தங்கமும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கியைக் கட்டுகிறீர்களா? சேலையே அரக்கும் கடுகு மஞ்சளுமாகப் பேசும். கண்ணுக்கு வெறும் பிரவுனும் மையும் போதும். செட்டிநாட்டு வெயிலில் வியர்வை கலரை மடிப்பில் திரட்டிவிடும். முதலில் பிரைமரை மெல்லிசாகத் தடவி, கலரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கைவினைக் கடை கிளிட்டர் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் துகள் கருவிழியைக் கீறக்கூடும்.

கடைசியாக ஒன்று. ஒரே பிரஷ் பத்துப் பேர் இமையில் போனால் ‘மெட்ராஸ் ஐ’யும் கூடவே போகும். சட்டம் பாதரசத்தைத் தடுக்கலாம்; இதைத் தடுக்க முடியாது. பார்லரில் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: “பேலட் அட்டையைக் காட்டுறீங்களா? ஒவ்வொருத்தருக்கும் பிரஷ் மாத்துவீங்களா?” தயங்காமல் பதில் வந்தால், தாராளமாகக் கண்ணை மூடலாம்.