செவ்வாய்ப் பயணமும் திரும்பும் வழியும்

செவ்வாய்க்கிரகத்துக்கு மனிதரை அனுப்புவது பற்றி அமெரிக்காவிலும் சீனத்திலும் இன்று மும்முரமாகப் பேசப்படுகின்றது. இது விஞ்ஞானிகளின் காரியம் என்றோ செல்வந்தரின் விளையாட்டு என்றோ எம்மவருட் பலர் ஒதுக்கிவிடுவர். மாத்தளையில் வாழும் நாம் அவ்வாறு ஒதுக்குதல் தகாது என்பது எம் துணிபு. அறியாத தூரத்துக்கு ஆட்களை அனுப்புவோர் ஒருபுறமும் அனுப்பப்படுவோர் மறுபுறமுமாக நின்ற கதையைத் தன் சொந்தக் கதையாகவே கொண்ட ஊர் இதுவன்றோ!

கோப்பித் தோட்டங்களுக்கென்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து இந்நகருக்கு நடந்தே வந்தனர். ஏறக்குறைய 150 மைல் நடை. வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் மடிந்தோரின் தொகையை எவரும் செவ்வனே எண்ணி வைக்கவில்லை. தண்ணீரும் தங்குமிடமும் மருந்தும், ஆட்கள் நடக்கத் தொடங்கி நெடுங்காலம் சென்ற பின்னரே, அதுவும் அரைகுறையாகவே, அவ்வழியில் அமைந்தன. 2023ஆம் ஆண்டில் மலையகத்தார் வருகையின் 200ஆம் ஆண்டை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்து வந்தபோது, எம் மாணவர் சிலர் இக்கதையை முதன்முறையாகக் கேட்டனர் என்பது வருந்தத்தக்கதே.

முதலில் ஆள், பின்னரே பாதை என்பது அன்றைய முறை. செவ்வாய் விடயத்தில் இதுகாறும் நடந்தது இதற்கு நேர்மாறானது. 1965இல் மரினர் 4 என்னும் அமெரிக்க விண்கலம் அக்கிரகத்தைக் கடந்து செல்கையில் முதன்முதலாக அண்மைப் படங்களை எடுத்தனுப்பியது. 1976இல் வைக்கிங் கலங்கள் இரண்டு அங்கே இறங்கின. அதன்பின் சென்ற பொறிகள் பலவும் காற்றையும் மண்ணையும் கதிர்வீச்சையும் அளந்துள்ளன. கிரகத்தின் செந்நிறம் இரும்புத் துருவின் நிறம் என்பதும் ஐயமற உறுதிப்பட்டது. செவ்வாய்க் குற்றம் என்று பெண்பிள்ளைகளின் கலியாணத்தை ஆண்டுக்கணக்கில் ஒத்திப்போடுவோர் இதனையும் சிறிது சிந்திப்பாராக.

இவ்வரிசையில் எமக்கு மிகவும் உவப்பளிப்பது இந்தியாவின் மங்கள்யான். 2013 நவம்பர் 5இல் சிறீகரிக்கோட்டாவிலிருந்து புறப்பட்ட அக்கலம் 2014 செப்டெம்பர் 24இல் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. செலவு 450 கோடி இந்திய ரூபாய். திட்ட இயக்குநராயிருந்த சுப்பையா அருணன் திருநெல்வேலிச் சீமையினர். அத்திட்டத்தில் முதன்மைப் பொறுப்பு வகித்த மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சிக்கு அண்மையிலுள்ள கோதவாடியிற் பிறந்து, பள்ளிப் படிப்பைத் தமிழ்மொழிமூலம் முடித்தவர். தமிழிற் படித்தால் விஞ்ஞானம் கைகூடாது என்று பிள்ளைகளை மிரட்டும் பெற்றோர் இப்பெயரை மறவாதிருத்தல் நன்று.

அப்பயணத்தில் நாம் வியப்பது அதன் முடிவுக் கட்டம். ஏறக்குறைய 300 நாட்கள் இயக்கப்படாது கிடந்த பிரதான எஞ்சின், குறித்த நேரத்தில் மீண்டும் எரியவேண்டும். அந்நாளில் இங்கிருந்து செல்லும் வானொலிச் செய்தி செவ்வாயை அடைய 12 நிமிடங்களுக்கு மேலாயிற்று. பிழை நேர்ந்தால் உடனே திருத்த ஒருவராலும் இயலாது. ஆதலின் கட்டளைகள் யாவும் முன்னதாகவே கலத்தில் ஏற்றப்பட்டிருந்தன. அது தன் கருமத்தைத் தானே செய்து முடித்தது. ஆறு மாத ஆயுள் குறித்து அனுப்பப்பட்ட கலம் 2022 வரை உழைத்து, பின் தொடர்பற்றுப் போயிற்று. அது திரும்பி வரவில்லை. வரவேண்டிய கடனும் அதற்கில்லை. பொறியை ஒருவழிப் பயணத்தில் அனுப்புவதிற் பாவமில்லை.

பொறியே போதும், மனிதன் எதற்கு என்று கேட்போருடனும் நாம் முற்றாக உடன்படோம். 2004இல் செவ்வாயில் இறங்கிய ஒப்பர்ச்சூனிற்றி என்னும் ஊர்தி பதினான்கு ஆண்டுகளில் ஓடிய தூரம் 45 கிலோமீற்றர். மாத்தளையிலிருந்து தம்புள்ளை வரையுள்ள வழி ஏறக்குறைய அவ்வளவே. எம் முன்னோர் பசியோடும் நோயோடும் அவ்வழியைச் சில நாட்களில் நடந்து தீர்த்தனர். வைக்கிங் கலங்கள் உயிரைத் தேடிச் செய்த சோதனைகளில் ஒன்று உயிர் உண்டென்பது போலவும் ஏனையவை இல்லையென்பது போலவும் விடை தந்தன. அத்தகைய விளைவு வெறும் இரசாயனத் தாக்கத்தாலும் எழக்கூடும் என்று ஆய்வுகூடத்திற் காட்டியோருள் ஒருவர், காலியிற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்று, பின்னாளிற் கண்டி அந்தானை அடிப்படை ஆய்வு நிறுவகத்தின் பணிப்பாளராயிருந்த சிறில் பொன்னம்பெரும. பொறி தனக்கிட்ட கேள்வியை மட்டுமே கேட்கும். மனிதனோ விடையைக் கண்டதும் கேள்வியை மாற்றிக் கேட்பான். ஆகவே ஒருநாள் மனிதர் செல்லட்டும்.

ஆனால் எவ்வாறு? நால்வரைச் செவ்வாயின் தரையிலிருந்து மேலெழுப்ப ஏறக்குறைய 7 தொன் எரிபொருளும் 25 தொன் ஒட்சிசனும் வேண்டும் என்பது நாசா நிறுவனத்தின் கணக்கு. அங்குள்ள காபனீரொட்சைட்டிலிருந்து ஒட்சிசனைப் பிரித்தெடுக்கும் சிறு கருவியொன்று 2021 முதல் 2023 வரை பதினாறு முறை இயங்கி ஆக்கியது மொத்தம் 122 கிராம். ஒருவன் மூன்று நான்கு மணிநேரம் மூச்சுவிட அது போதும். கிரகங்கள் இரண்டும் பயணத்துக்கு வாய்ப்பாக அமைவது 26 மாதங்களுக்கு ஒருமுறை. போய்வர இரண்டரை, மூன்று ஆண்டுகள் ஆகும். இடையில் நோயுற்றவனை அழைத்துவர வழியில்லை. மனிதர் கிடக்கட்டும், செவ்வாயிலிருந்து ஒரு கல்லைத்தானும் எந்தக் கலமும் இதுவரை கொண்டுவந்ததில்லை. பெர்சிவியரன்ஸ் ஊர்தி குழாய்களில் அடைத்து வைத்த மாதிரிகளைக் கொணர 1,100 கோடி டொலர் வரை செலவாகும், 2040 வரை காத்திருக்க நேரும் என்று 2024இல் நாசாவே கைவிரித்தது.

இந்நிலையிலும் ஆள்சேர்ப்பு நடந்ததுண்டு. மார்ஸ் வன் என்னும் ஒல்லாந்து நிறுவனம் திரும்பிவராப் பயணத்துக்கென்றே விண்ணப்பம் கோரிற்று, பல்லாயிரவர் விண்ணப்பித்தனர், 2019இல் அது முறிந்துபோயிற்று. அதனினும் எம்மைத் திடுக்கிடச் செய்தது செல்வந்தர் எலான் மஸ்க் 2020இல் வெளியிட்ட கருத்து. செவ்வாயில் வேலைகள் மிகுதியாயிருக்கும், பணமில்லாதோர் கடன்பெற்றுச் செல்லலாம் என்றார் அவர். இதனைப் படித்ததும் எம் நெஞ்சில் எழுந்தது 'துண்டு'. தோட்டத் தொழிலாளியின் கடன் தொகையை எழுதிய அக்காகிதம் இருக்கும்வரை, கடனைத் தீர்ப்பார் ஒருவரின்றி அவன் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல் சட்டம் அதனை ஒழித்தது. துண்டு இருந்த காலத்திலும் காட்டு வழியே தப்பியோட இடமிருந்தது. மூச்சுக்காற்றையே முதலாளி வழங்கும் கிரகத்தில் அதற்கும் இடமில்லை.

எனவே நாம் கோருவது இவ்வளவே: செல்வோர் திரும்புதற்குரிய கலமும் எரிபொருளும் அவர் புறப்படுமுன்னரே பொறிகளால் அங்கே ஆயத்தமாக்கப்படுதல் வேண்டும், எவரையும் கடன்பட்டவராக அனுப்புதல் கூடாது, தங்குவதா திரும்புவதா என்பதைச் சென்றவரே தீர்மானித்தல் வேண்டும். பிறர் கூடிப் பேசி ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரை 'திருப்பியனுப்ப' முடிவுசெய்த 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைக் கண்ட எமக்கு இறுதிக் கோரிக்கை மற்றிரண்டினும் சிறியதன்று.

சீனம் 2028 அளவில் தியன்வென் 3 என்னும் கலத்தை அனுப்பி, 2031 அளவிற் செவ்வாய் மண்ணிலும் கல்லிலும் அரைக் கிலோகிராம் போல் கொணரத் திட்டமிட்டுள்ளது. எம் கல்லூரியில் இன்று ஆறாம் வகுப்பிலிருக்கும் பிள்ளைகள் அக்காலத்தில் உயர்தரப் பரீட்சையை நெருங்கியிருப்பர்.